ராத்திரி இரண்டு மணிக்கு வேலியைச் சுற்றி வருகிற கணவர்: ஒரு சகோதரிக்குப் பதில்

தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கம் எழுதியிருக்கிறார். பேரும் ஊரும் வேண்டாம், மற்றதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

கணவருக்கு 38 வயது. ராணுவத்தில் வண்டி, மெஷின் எல்லாம் பழுதுபார்க்கிற இ.எம்.இ. பிரிவில் 18 வருடம் ஜெனரேட்டரும் மின்சார வேலையும் பார்த்தவர். நாயக் ரேங்க்கில் இருந்தபோது தானே விலகுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு போன வருடம் ஊர் வந்து சேர்ந்தார். 2020க்குப் பிறகு இரண்டு குளிர்காலம் லடாக்கில் இருந்திருக்கிறார். அங்கே கூட இருந்த ஒருவரை இழந்தார், அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வந்த பிறகு இரண்டு இடத்தில் வாட்ச்மேன் வேலைக்குப் போய் இரண்டையும் ஒரு மாதத்துக்குள் விட்டுவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டார்ச்சோடு வேலியைச் சுற்றுகிறார். "பென்ஷன் வாங்கிக்கிட்டு ஆட்டுப்பட்டிகிட்ட உக்காந்திருக்கான்" என்று மாமனார் பேசுகிறார். வீட்டுக்குப் பின்னால் ஆறு ஏக்கர் கொறங்காடு (வேலி கட்டிய மேய்ச்சல் நிலம்), சுற்றிலும் காற்றாலை.

இப்போது அவர் முன்னால் மூன்று யோசனைகள். கூடப் பணிபுரிந்த ஒருவர், ஓய்வுக் காசு 20 லட்சத்தைக் கார்பன் கிரெடிட் மரத்தோட்டத் திட்டத்தில் போடச் சொல்கிறார். ஓர் ஏஜெண்டு, போர் முடிந்த நாட்டில் சோலார் போடுகிற வேலை இருக்கிறது, இரண்டரை லட்சம் கட்டு என்கிறார். கணவருக்கோ காற்றாலைக் கம்பெனியில் சேர ஆசை. "முன்னாள் ராணுவத்துக்குக் கோட்டா இருக்குமில்லையா? உத்தரகாண்டில் ராணுவமே மரம் நடுகிறதாமே, அதில் சேர முடியுமா?" என்று சகோதரி கேட்கிறார். மனநல டாக்டரிடம் போனால் பென்ஷன் நின்றுவிடும் என்று கணவர் பயப்படுகிறாராம். கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பு மாதிரி ஒரு வரி: "நான் இல்லைன்னாலும் உனக்குப் பென்ஷன் வருமில்ல என்று ஒருநாள் சொன்னார், விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார்."

அம்மணி, நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரியிலிருந்துதான் நான் ஆரம்பிக்கப் போகிறேன்.

நான் மனநல ஆலோசகன். அதற்கு முன்னால் கொஞ்ச வருடம் பட்டாளத்தில் சாப்பிட்டவன், அதனால் உங்கள் வீட்டுக்காரரின் பாஷை எனக்குப் பாதி புரியும். சட்ட விஷயங்களை மேல்மாடி வக்கீல் நண்பரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த ஒரு வரி

விளையாட்டுக்கு என்று விட்டுவிடாதீர்கள். தூக்கம் கெட்ட ஒருவர், கூட்டாளியைப் பறிகொடுத்தவர், வீட்டிலேயே மரியாதை குறைந்துபோன ஒருவர், தான் இல்லாவிட்டால் குடும்பத்துக்கு வரும் பணத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறார் என்றால் அதை நேராகக் கேட்டுவிட வேண்டும். "உசுரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று அதே வார்த்தையில் கேளுங்கள். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று எல்லாரும் பயப்படுவார்கள், அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் கேட்டதும் ஒரு பெருமூச்சுதான் வரும். பென்ஷன் பாதிதான் வரும், முழுசா வராது என்றெல்லாம் கணக்குப் பேசிப் பதில் சொல்ல வேண்டாம், பேச்சு அங்கே போகவே கூடாது.

பூச்சிமருந்து, களைக்கொல்லி எதுவும் வீட்டிலோ மோட்டார் ரூமிலோ கையெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. இன்றைக்கே பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லை பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்துவிடுங்கள். துப்பாக்கி லைசென்ஸ் வாங்குகிற யோசனை இருந்தால் (பேங்க் கார்டு வேலைக்காக நிறையப் பேர் வாங்குகிறார்கள்) இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண் 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசில்லை. அவர் பேசாவிட்டால் நீங்கள் பேசுங்கள். அவர் மறுபடி அப்படிச் சொன்னால், அல்லது யாரிடமோ விடைபெறுகிற மாதிரி நடந்துகொண்டால், தனியாக விடாமல் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

ராத்திரி வேலியைச் சுற்றுவது சோம்பேறித்தனமும் இல்லை, பேயும் இல்லை. சென்ட்ரி டியூட்டி உடம்பில் தங்கிவிட்டது, அவ்வளவுதான். ஆபத்து வரும் இடத்தில் வருடக்கணக்கில் அரைத்தூக்கம் தூங்கிய உடம்பு, ஊருக்கு வந்ததும் ஸ்விட்ச் போட்ட மாதிரி மாறாது. வாட்ச்மேன் வேலையை ஏன் விட்டார் என்று எனக்கு நேரில் பார்க்காமலே ஓரளவு புரிகிறது. ராத்திரியில் காவல் நிற்கிற நினைப்பிலிருந்து வெளியே வர முடியாதவரை ராத்திரிக் காவலுக்கே அனுப்பியிருக்கிறோம். டெக்ஸ்கோ (தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகம்) வழியாகக் காவல் வேலை பார்த்து நன்றாக இருக்கிற முன்னாள் படைவீரர்கள் எத்தனையோ பேர், வேலையில் குறையில்லை. இவருக்கு இப்போது ஆகாது, அதை மாமனாரிடம் நீங்களே சொல்லுங்கள்.

பென்ஷன் பயத்துக்கு வருகிறேன். 18 வருட சர்வீஸுக்கு வாங்கிய பென்ஷனை, ஓய்வுக்குப் பிறகு டாக்டரிடம் போனார் என்பதற்காக யாரும் நிறுத்த முடியாது. இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால் அதன் பாலிகிளினிக்கில் காட்டி, அங்கிருந்து மனநல மருத்துவரிடம் பரிந்துரை வாங்கலாம். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சொல்கிறது. பாதிப்பு சர்வீஸால் வந்தது என்று மருத்துவர்கள் நினைத்தால் ராணுவத்தின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு மனு போடலாம், மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், அது தனி வழக்கு. சிகிச்சையை அதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். கேன்டீன் பாட்டில் எவ்வளவு? தூங்குவதற்காகக் குடிக்கிறார் என்றால் அந்தத் தூக்கம்தான் இரண்டு மணிக்குக் கலைகிறது. டாக்டரிடம் இதை மறைக்க வேண்டாம்.

மூன்று யோசனைகளில் இரண்டை இப்போதே கழித்துவிடலாம்

மரத்தோட்டத் திட்டம். பெருந்துறை ஈமு கோழி முதலீட்டு மோசடி ஞாபகம் இருக்கிறதா? 2012ல் கொங்கு நாடு முழுக்கச் சிரித்தது, பணம் போட்டவர்கள் மட்டும் அழுதார்கள். அதற்கு முன்னால் தேக்கு மரத் திட்டம். இப்போது அதே கடைக்குக் கார்பன் என்று பெயர்ப் பலகை. கார்பன் வர்த்தகத்துக்கு மத்திய அரசு 2023ல் விதிமுறை அறிவித்தது உண்மைதான், ஆனால் அதற்கும், 20 லட்சம் கொடு மாதாமாதம் இவ்வளவு தருகிறேன் என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பொதுமக்களிடம் அப்படி முறைப்படுத்தப்படாத டெபாசிட் வாங்குவதை 2019ஆம் வருடச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஏமாந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவு, கோவையில் டான்பிட் கோர்ட்டு (டெபாசிட் மோசடி வழக்குக்கானது) என்று அலைய வேண்டும். ஈமு வழக்குக்கு அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை வருடம் ஆனது என்று.

அந்த 20 லட்சத்தில் பெரும்பகுதி கம்யூட்டேஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உபரிப் பணம் என்று நினைக்கிறீர்கள், அங்கேதான் தப்பு. மாதப் பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியது அது. அந்தப் பங்கு மறுபடி சேர 15 வருடம் ஆகும். அதுவரை மாதாமாதம் குறைந்த பென்ஷன்தான் கைக்கு வரும், ஆக இது உங்கள் 15 வருடச் செலவுக்காசு. இப்போதைக்குப் போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரில் 15 லட்சம் வரை போட்டுவிட்டு, ஒரு வருடத்துக்கு அதைத் தொடும் பேச்சே எடுக்காதீர்கள்.

இன்னொன்று, அந்தத் திட்டக்காரர்கள் உங்கள் கொறங்காட்டையே தள்ளிவிட்டு மரம் வைக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. கிளுவை வேலி, வெள்வேலா மரம், கொழுக்கட்டைப் புல் என்று தண்ணியே கேட்காமல் தலைமுறை தலைமுறையாக ஆட்டையும் காங்கேயம் மாட்டையும் காப்பாற்றி வந்த நிலத்தை ஜேசிபி விட்டுத் தள்ளி, சொட்டுநீர் போட்டு, அதற்குப் பசுமை என்று பேரும் வைப்பார்களாம். கொறங்காட்டை அப்படியே விடுங்கள். மாமனார் கிண்டல் செய்கிற அந்த ஆட்டுப்பட்டிதான் இப்போதைக்கு அவருக்கு நிம்மதி கொடுக்கிற ஒரே இடம் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

வெளிநாட்டு ஏஜெண்டு. போர் நடந்த நாட்டில் இடிந்ததைக் கட்டுவதற்கு நிஜமாகவே வேலை இருக்கும். உக்ரைனை மீட்டெடுக்கப் பத்து வருடத்தில் 52,400 கோடி டாலர் தேவைப்படும் என்று 2025 பிப்ரவரியில் உலக வங்கி, ஐ.நா. எல்லாம் சேர்ந்து மதிப்பிட்டார்கள். அந்தப் பெரிய எண்ணைச் சொல்லித்தான் ஏஜெண்டு ஆள் பிடிப்பான். ஆனால் எந்த நாடும் முதலில் தன் சொந்தப் படைவீரர்களுக்குத்தான் அந்த வேலையைக் கொடுக்கப் பார்க்கும், கொடுக்கவும் வேண்டும். நம்மவர்களில் சிலர் ஹெல்பர் வேலை என்று ரஷ்யாவுக்குப் போய்ப் போர்முனையில் நின்றது 2024ல் எல்லாப் பேப்பரிலும் வந்தது. டிஸ்சார்ஜ் புக் வைத்திருப்பவர் என்றால் அப்படிப்பட்ட கும்பலுக்கு இன்னும் வசதி. பதிவு பெற்ற ஏஜெண்டு ஆளிடம் வாங்கக் கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான். இரண்டரை லட்சம் கேட்டவுடனேயே கதை முடிந்தது. இ-மைக்ரேட் என்ற மத்திய அரசுத் தளத்தில் அந்த ஏஜெண்டு பேர் இருக்கிறதா என்று வேண்டுமானால் பாருங்கள். டூரிஸ்ட் விசா என்ற வார்த்தை வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

மரம் நடும் பட்டாலியன்

உத்தரகாண்டில் மரம் நடுகிறது என்று நீங்கள் கேட்டது பிராந்தியப் படையின் (டெரிட்டோரியல் ஆர்மி) சுற்றுச்சூழல் பட்டாலியன். 1982ல் முதலாவதாக 127 என்ற கார்வால் ரைபிள்ஸ் பட்டாலியனை ஆரம்பித்தார்கள். முசூரி மலையில் சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டி எலும்புக்கூடாகக் கிடந்த சரிவுகளில் அந்தப் பகுதி முன்னாள் வீரர்களைக் கொண்டே மரம் நட்டார்கள். அடுத்து 128, ராஜஸ்தானில் இந்திரா காந்திக் கால்வாய் ஓரம் மணலைக் கட்டிப்போட. அந்தந்த மாநில முன்னாள் படைவீரர்களைத்தான் எடுப்பார்கள், அதனால் உங்கள் வீட்டுக்காரர் போய்ச் சேர முடியாது. கோவை ரெட்ஃபீல்ட்ஸில் இருக்கிற 110 பட்டாலியனும் பிராந்தியப் படைதான், ஆனால் அது காலாட்படை, மரம் நடுகிற படை இல்லை.

சேர முடியாவிட்டாலும் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மரம் நட்டதால் அவர்கள் மனசு தேறியது என்று கதை சொல்ல மாட்டேன். காலையில் விசில், கூட நாலு பேர், முடிந்தது என்று கண்ணால் பார்க்கக் கூடிய வேலை, சாயங்காலம் சொந்த ஜில்லாவுக்குள்ளேயே இருப்பது, இவ்வளவும் ஒரே இடத்தில் கிடைத்தன. அமெரிக்காவில் 1932ல் போனஸ் கேட்டு வாஷிங்டனில் கூடிய முதல் உலகப்போர் வீரர்களை டாங்கி வைத்து விரட்டினார்கள். அடுத்த வருடம் புது அரசு, காடு வளர்க்கும் படையில் அவர்களுக்கென்றே தனி முகாம் வைத்தது. அதே அரசு, வேறொரு நிவாரண வேலையில் ஃபுளோரிடாக் கடலோரத் தீவுகளில் ரோடு போடப் படைவீரர்களைக் குடிசை முகாமில் தங்கவைத்து, 1935 புயலில் 200க்கும் மேற்பட்டவர்களைச் சாகவும் விட்டது. இலங்கை வன்னியில் 2009க்குப் பிறகு மறுவாழ்வு முகாமிலிருந்து வந்த முன்னாள் போராளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் கொடுத்தார்கள், ஊருக்குப் போனால் வேலை கொடுக்கத்தான் ஆள் தயங்கியது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், சூழலைக் காக்கும் வேலை என்ற பேரை வைத்து வேலையை எடை போட முடியாது. யாரோடு, எத்தனை மணிக்கு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், அடிபட்டால் யார் பொறுப்பு, இதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் இவருக்கு எது?

காற்றாலைக் கம்பெனியில் கோட்டா கிடையாது. மத்திய அரசின் குரூப் சி பணியில் 10 சதவீதம், பொதுத்துறை நிறுவனங்களில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், தமிழ்நாடு அரசிலும் குரூப் சியில் 5 சதவீதம் என்று இருப்பதெல்லாம் அரசு வேலைக்கு. தனியார் கம்பெனி கொடுத்தால் அது அவர்கள் விருப்பம். முழங்கால் வலி என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். புது மெஷின்கள் 80, 100 மீட்டருக்கு மேல் உயரம், சர்வீஸ் ஆட்கள் ஏறித்தான் ஆக வேண்டும். வைகாசியிலிருந்து ஆவணி வரை காற்றுக் காலத்தில் மெஷின் நின்றால் ராத்திரி பகல் பார்க்காமல் கூப்பிடுவார்கள். ஏறுகிற வேலை இவருக்கு வேண்டாம். ஆனால் காற்றாலைகளுக்கான துணைமின் நிலையம், யார்டு, டிரான்ஸ்பார்மர் பராமரிப்பு எல்லாம் தரையில் நடக்கிற வேலை, ஜெனரேட்டர் பார்த்த கைக்கு அது தெரிந்த வேலையும்கூட. எங்கே சேர்ந்தாலும் கம்பெனி ஆளா, காண்ட்ராக்ட் ஆளா, பி.எஃப். உண்டா, விபத்துக் காப்பீடு எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

சோலார் இவருக்கு இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். சூர்யமித்ரா என்று மத்திய அரசு 2015ல் ஆரம்பித்த 600 மணி நேரப் பயிற்சி இருக்கிறது, மூன்று மாதம், கட்டணம் இல்லை. 2024ல் வந்த கூரை சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கொடுப்பதால் திருப்பூர், பல்லடம் பக்கம் மாட்டுகிறவர்களுக்கு வேலை ஓடுகிறது. மானியம் குறைந்தால் மாட்டுகிற வேலையும் குறையும், அதனால் மாட்டுவதை விடப் பராமரிப்பைக் கற்றுக்கொள்ளட்டும். நூல்மில் கூரைகளில் மாட்டிய பேனல் எல்லாம் இருபது இருபத்தைந்து வருடம் அங்கேயே கிடக்கும், அதைக் கழுவவும் இன்வெர்ட்டர் பார்க்கவும் ஆள் வேண்டும். பட்டாளத்து டிரேடு சர்டிபிகேட்டோடு தமிழ்நாடு மின் உரிம வாரியத்தின் வயர்மேன் தகுதிச் சான்றும் வாங்கிவிட்டால் இவரைச் சும்மா ஹெல்பர் என்று கூப்பிட முடியாது.

மூன்றாவதாக, திருப்பூரில் சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயத்தண்ணி கெடுத்த கதை உங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்ட பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறித்தான் மறுபடி திறந்தார்கள். அங்கே ஆர்.ஓ., ஆவியாக்கி, பம்பு, பாய்லர், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் கை தெரிந்த ஆள் வேண்டும். ஷிப்டு வேலை என்பதுதான் சிக்கல், ஜெனரல் ஷிப்டு கிடைத்தால் மட்டும் போகட்டும். தொட்டிக்குள் இறங்கச் சொன்னால் வாயு சோதனையும் மேலே கயிறோடு ஆளும் இல்லாமல் இறங்கக் கூடாது, அதற்காக வேலை போனாலும் போகட்டும்.

சொந்தத் தொழில் என்றால், தமிழ்நாடு அரசின் காக்கும் கரங்கள் திட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு கோடி வரை வங்கிக் கடன், 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் மீதியைக் கட்டித்தான் ஆக வேண்டும், தூக்கமில்லாத மனுஷன் கடனோடு தொழில் தொடங்கக் கூடாது. ஒரு வருடம் யாரிடமாவது வேலை பார்த்துவிட்டு அப்புறம் பார்க்கலாம்.

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு இருவரும் ஒருநாள் காலையில் போங்கள். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு), டிரேடு சர்டிபிகேட், இ.சி.எச்.எஸ். அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் பதிவு, கடன் விவரம், பயிற்சி மூன்றையும் ஒரே தடவையில் கேட்டுவிடலாம். ஆனால் பாலிகிளினிக் அதற்கு முந்தின வாரம்.

நீங்கள் எனக்கு எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்ற நினைப்பு இப்போது அவருக்கு ஆகாது. மாமனாரைப் பற்றி எழுதியதை வேண்டுமானால் விட்டுவிட்டு மற்றதைப் படிக்கக் கொடுங்கள்.

அப்புறம் ஒன்று. ஆடிக்காற்று ஆரம்பிக்கப் போகிறது, மேற்கே இருக்கிற மெஷின் சத்தமும் அதன் தலையில் மின்னுகிற சிவப்பு விளக்கும் நேராக அவர் கட்டிலுக்கு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டிலைக் கிழக்கு அறைக்கு மாற்றிப் போடுங்கள், ஜன்னலுக்குக் கனமான துணி ஒன்று கட்டுங்கள். ராத்திரி அவர் எழுந்தால் ஏன் எழுந்தீர்கள் என்று கேட்காமல் நீங்களும் ஒரு சுற்று கூட நடந்துவிட்டு வாருங்கள்.